ஜூலியட் பிறந்த வீடு

ஷேக்ஸ்பியர் மகாகவியின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ என்னும் நாடகத்தை வகுப்பில் பாடம் சொல்லி முடித்த ஒரு நாள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “ஸார், அந்தப் பெண் தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களாக இந்நாடகத்தைப் போதித்து வருகிறேன். உவமைகளைப் பற்றியும், விதியின் வலிமையைப் பற்றியும், பரீட்சைக்கு வேண்டிய பிற விஷயங்களைப் பற்றியும் எத்தனை கேள்வி கேட்டாலும் விடை சொல்வேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை தயாராக இல்லை. நல்ல வேளையாக மணி அடித்தது, அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். அந்த விடையை இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கலாமென்று எண்ணுகிறேன்.

ஜூலியட் என்றதும் நம் மனக் கண் முன் தோன்றுவது மாடத்தில் நிற்கும் ஒரு கன்னிகையும், கீழே தோட்டத்தில் நிற்கும் ஓர் இளைஞனுமே. இத்தாலி தேசத்து வெரோனா நகரில் ‘ஜூலியட்டின் வீடு’ என்று ஒரு பழைய வீட்டையே காட்டுகிறார்கள். உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் காதலர்கள் அங்கே சென்று அந்த மாடத்தை அண்ணாந்து பார்த்து வருகிறார்கள். அந்த மாடம் இருபதாம் நூற்றாண்டில் கட்டிச் சேர்த்தது என்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நான் சொல்லப்போகும் வீடு அதுவன்று. நாடகத்துக்குள்ளே இருக்கும் வீடு. தகப்பனாரும், தாயாரும், செவிலியும், மைத்துனனும், சமையற்காரர்களும், வேலைக்காரர்களும் நிறைந்த வீடு. அத்தனை பேர் நடமாடிய அந்த வீட்டில், ஒரு சிறு பெண் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் கூட இல்லாமற்போனது எப்படி என்பதே நம் விசாரணை.

முதலில் அப்பெண்ணின் வயதைக் கவனிப்போம். இக்கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையன்று. இத்தாலியில் லூயிஜி தா போர்ட்டோ, பாண்டெல்லோ முதலியோர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய கதை அது. அதை ஆர்தர் புரூக் என்பவர் 1562-ம் வருஷத்தில் இங்கிலீஷில் நீண்ட செய்யுளாகப் பாடினார். ஷேக்ஸ்பியர் பெரும்பாலும் அந்தச் செய்யுளையே வைத்துக்கொண்டு தம் நாடகத்தை அமைத்தார். 1597-ல் அது முதன் முதலாக அச்சேறியது. பாண்டெல்லோவின் கதையில் கதாநாயகிக்கு வயது 18. புரூக்கின் செய்யுளில் ஏறக்குறைய 16. ஷேக்ஸ்பியரோ அவளுக்குப் பதினான்கு கூட நிறையவில்லை என்கிறார். ஜூலை மாதம் 31-ந் தேதி இரவுதான் அவளுக்குப் பதினான்கு நிறைய வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வாரமும் சில நாட்களும் இருக்கின்றன. கதையின் காலத்தையும் அவ்வாறே சுருக்கிவிட்டார். புரூக்கின் செய்யுளில் பல மாதங்கள் நடந்த கதை, நாடகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஐந்தே நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே, அந்தப் பிறந்த நாள் வரவேயில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்கு இத்தனை சிறு வயதில் விவாகம் நடப்பது வழக்கந்தானே என்று சிலர் கேட்கலாம். அன்று. பிரபு குடும்பங்களில் சிற்சில நடந்ததுண்டு. ஆனால் கோயிற் பதிவுகளை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள், சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இருபது வயதைக் கடந்து, 24, 25 வயதளவிலேதான் மணம் செய்துகொண்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கு விவாகத்தின்போது வயது 26. அவருடைய மூத்த குமாரி சுஸன்னாவுக்கு 24-ம் வயதிலும், இளையவள் ஜூடித்துக்கு 31-ம் வயதிலும் விவாகம் நடந்தது. இந்நாடகத்தை எழுதியதாகக் கருதப்படும் 1595-ம் வருஷ வாக்கில் சுஸன்னாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஆகவே ஜூலியட்டின் வயதைக் கேட்ட அக்காலத்து ரசிகர்கள் நம்மைப் போலவே, ‘ஐயோ, குழந்தையாயிற்றே!’ என்று திடுக்கிட்டிருப்பார்கள். கவியின் கருத்தும் அதுவாகவே இருக்க வேண்டும்.

வழக்கம் ஒரு புறமிருக்க, சட்டம் எப்படியிருந்தது தெரியுமா? இங்கிலாந்தின் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதும் பிள்ளைக்கு 14 வயதும் ஆகிவிட்டால் விவாகம் செல்லும். இது ஷேக்ஸ்பியர் காலத்தோடு ஒழிந்துபோன சட்டமன்று. 1929-ம் வருஷம் வரையில் அமுலில் இருந்தது. 1927-ல் அமெரிக்க மாது காதரின் மேயோ நம் தேசத்துப் பால்ய விவாகங்களைக் காட்டிப் புத்தகம் எழுதி, இத்தகைய ஜனங்கள் சுயராஜ்யத்துக்கு அருகரா என்று கேட்டபோது, நம்மை ஆண்டவர்களின் சொந்தச் சட்டப் புத்தகத்தில் 12 வயது என்பது அப்படியே இருந்தது! ஹர் பிலாஸ் சாரதாவின் முயற்சியால் நம் தேசத்தில் பால்ய விவாகத் தடைச் சட்டம் நிறைவேறியதும், பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் சட்டத்தைத் திருத்தியதும் அதே 1929-ம் வருஷத்தில்தான். இங்கே பெண்ணுக்கு 14, அங்கே 16. பிறகு நம் தேசத்தில் 1949-ல் 15 ஆகவும், 1978-ல் 18 ஆகவும் உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் அது 18 ஆனது 2023-ல்தான். பிறர் குற்றத்தைக் காட்டி நம் குற்றத்தை மறைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெண் குழந்தைகளுக்கு இழைத்த அநீதி எந்த ஒரு தேசத்துக்கும் தனிச் சொத்தன்று என்பதற்காகவே சொல்கிறேன். சாரதா சட்டம் 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமுலுக்கு வந்தபோது குறித்த அந்தப் பதினான்கு வயதைக் கூட எட்டாதவள் ஜூலியட்.

இனி வீட்டுக்குள் நுழைவோம். வீட்டுத் தலைவர் காபுலெத் பெரும் செல்வர். அவருக்கும் மாண்டேகு குடும்பத்துக்கும் பரம்பரைப் பகை. எதனால் வந்த பகை என்பதைக் கவி எந்த இடத்திலும் சொல்லவில்லை. அக்குடும்பத்தாருக்கே அது மறந்துபோயிருக்கலாம். காரணம் மறந்த பகைதான் எளிதில் ஆறுவதில்லை. காபுலெத்துக்கு மற்றக் குழந்தைகளெல்லாம் இறந்து, எஞ்சியவள் ஜூலியட் ஒருத்திதான். அவளைப் பெண் கேட்டு வருகிறான் பாரிஸ் என்னும் பிரபு. நகரத்தை ஆளும் கோமகனுக்கு உறவினன். குலம், குணம், பொருள், அழகு எல்லாம் பொருந்தியவன். எந்தத் தகப்பனாரும் துள்ளிக் குதிக்க வேண்டிய சம்பந்தம்.

காபுலெத் துள்ளிக் குதிக்கவில்லை. குழந்தை இன்னும் சிறியவள், இரண்டு வருஷம் போகட்டும் என்கிறார். இவளைவிட இளைய பெண்கள் தாயாராகியிருக்கிறார்களே என்று பாரிஸ் சொல்லும்போது, அப்படி ஆனவர்கள் சீக்கிரத்தில் வாடிப்போகிறார்கள் என்று பதில் சொல்கிறார். அதற்கு மேலும் போய், பெண்ணின் மனத்தை நீ முதலில் கவர வேண்டும், என் சம்மதம் அவள் சம்மதத்தின் ஒரு பகுதிதான் என்றும் சொல்லுகிறார். இவரைக் கொடியவர் என்று யார் சொல்ல முடியும்? அன்றிரவு நடந்த விருந்தில் மாண்டேகு வீட்டுப் பிள்ளையாகிய ரோமியோ முகமூடியணிந்து நுழைந்துவிட்டான் என்று மைத்துனப் பிள்ளை டிபால்ட் வாளை உருவப் போகையில், அவனை அதட்டி அடக்கி, அந்தப் பையன் நல்லவன் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், வீட்டுக்கு வந்தவனை அவமதிக்கக் கூடாது என்று தடுத்தவரும் இவரேதான். ஞாயிற்றுக்கிழமை காபுலெத் இத்தகைய மனிதராக இருந்தார் என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது.

தாயாரின் கதை வேறு. தாம் ஜூலியட்டின் வயதிலேயே இவளைப் பெற்றதாக அந்த அம்மாள் சொல்லுகிறாள். அப்படியானால் அவளுக்கு இப்போது சுமார் 28 வயதுதான். கணவரோ, தாம் முகமூடி அணிந்து ஆடிய காலம் போய் இருபத்தைந்து வருஷமா, முப்பது வருஷமா என்று உறவினரோடு தர்க்கம் செய்யும் கிழவர். அந்த அம்மாள் பட்டது என்ன, இழந்தது என்ன என்று ஒரு வார்த்தையும் அவள் வாயிலிருந்து வருவதில்லை. ஆனால் தனக்கு நேர்ந்ததுதான் உலக நியதி என்று நம்பி, அதையே மகளுக்கும் செய்யத் துணிகிறாள். மகளிடம் விவாகப் பேச்சை எடுக்க வந்தவள், முதலில் செவிலியை வெளியே போகச் சொல்லி, அடுத்த க்ஷணமே அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெற்ற மகளோடு தனித்திருந்து பேச அத்தாய்க்குப் பழக்கமில்லை.

பழக்கம் உள்ளவள் செவிலி. ஜூலியட்டுக்குப் பாலூட்டியவள் அவளே. அவளுக்கும் ஸூஸன் என்று ஒரு பெண் பிறந்து இறந்துபோயிருக்கிறது; இருவரும் ஒரே வயது. இறந்த தன் மகளின் மேல் வைக்க வேண்டிய அன்பையெல்லாம் அவள் ஜூலியட்டின் மேல் வைத்திருக்கிறாள். குழந்தைக்குப் பால் மறக்கச் செய்த நாள், அன்று நடந்த பூகம்பம், அப்போது எஜமானரும் எஜமானியும் மாண்டுவா நகருக்குப் போயிருந்தது எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. குழந்தை பால் மறந்த அன்று தாயாரும் தகப்பனாரும் ஊரில் இல்லை என்ற அந்த ஒரு சிறு செய்தியில் கவி அந்த வீட்டின் நிலைமை முழுவதையும் சொல்லிவிட்டார்.

இங்கே நம் தமிழ் நூல்கள் சொல்லும் ஒரு முறையை நினைக்காமலிருக்க முடியவில்லை. அகப்பொருளில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை உண்டு. களவிலே காதல் கொண்ட தலைவியின் நிலையைத் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் படிப்படியாக உணர்த்துவது. அயலார் பெண் கேட்டு வரும்போது இது அவசியமாகிறது. மகளின் மெலிவைக் கண்டு காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் போலும் என்று வேலனை அழைத்து வெறியாட்டு நடத்த முற்படும்போதும், தோழி முன்வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்துவதற்காகப் பாடினார் என்று சொல்லும் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இந்த ஒரே துறைதான். ரகசியத்தை வெளியிடுவதற்கு ‘அறத்தின் பக்கம் நிற்றல்’ என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெரியோர்களின் மனப் பக்குவத்தை என்னவென்று சொல்வது! பெண்ணின் மனம் தாய்க்கும் தந்தைக்கும் போய்ச் சேருவதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காபுலெத் வீட்டில் அந்த வழி அடைபட்டிருந்தது.

கதை வேகமாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு விருந்திலே ரோமியோவும் ஜூலியட்டும் சந்திக்கிறார்கள். திங்கட்கிழமை பிற்பகல் லாரன்ஸ் பாதிரியார் அவர்களுக்கு ரகசியமாக மணம் செய்து வைக்கிறார். இந்த விவாகத்தினால் இரண்டு குடும்பங்களின் பகை தீரும் என்பது அவர் நம்பிக்கை. செவிலிக்கும் இது தெரியும்; தூது சென்றவளே அவள்தான். மணமாகிச் சிறிது நேரத்திற்கெல்லாம் தெருவிலே சண்டை. டிபால்ட் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவைக் கொல்கிறான்; ரோமியோ டிபால்டைக் கொல்கிறான்; கோமகன் ரோமியோவை நாடு கடத்துகிறார். அறைக்குள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் ஜூலியட். கணவனைப் பிரிந்த அழுகை அது. வீட்டாரோ, அவள் மைத்துனன் டிபால்டுக்காக அழுகிறாள் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

நாடகத்தின் திருகாணி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காபுலெத் மகளுடைய கண்ணீரைக் கண்டு பயந்துபோகிறார். இப்படி அழுதால் குழந்தை என்ன ஆவாள்? விவாகத்தைச் செய்து வைத்தால் துக்கம் மாறும் என்று எண்ணுகிறார். இரண்டு வருஷம் பொறு என்று ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வாய், திங்கட்கிழமை இரவு பாரிஸுக்கு வாக்களிக்கிறது. என்றைக்கு? புதன்கிழமை மிகவும் சமீபமாக இருக்கிறது. வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்! பெண்ணைக் கேட்க வேண்டாமா? அவள் என் சொல்லைத் தட்ட மாட்டாள். பெண்ணின் சம்மதத்தைப் பற்றி ஒரு நாள் முன்பு அத்தனை அழகாகப் பேசியது எங்கே போயிற்று? வேறெங்கும் போகவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தது, மனம் கலங்கிற்று, அவசரம் வந்தது, அவசரத்தில் அது உதிர்ந்துபோயிற்று. கஷ்டமில்லாத நாளில் பெண்ணுக்கு அளித்த சுதந்திரத்தைக் கஷ்டம் வந்த அன்று திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் தகப்பனாரை இத்தாலிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டுமென்பதில்லை. கலியாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். காபுலெத் அதை மூன்றே நாளில் விதைத்து அறுக்கப் பார்த்தார்.

அந்த மனிதர் செய்ததெல்லாம் அன்பினாலே செய்ததுதான் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் இன்னும் அதிகமாக வேதனையுறுகிறது. கண்ணீரைக் கண்டார், அதைத் துடைக்கவும் விரைந்தார், அழுகைக்குக் காரணம் என்னவென்று மட்டும் கேட்கவில்லை. நம் நூல்களில் வரும் தாய் வேலனை அழைத்தாள். இவர் மாப்பிள்ளையை அழைத்தார். அங்கே உண்மையைச் சொல்ல ஒரு தோழி இருந்தாள். இங்கே உண்மையறிந்த செவிலி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலம். ரோமியோ விடைபெற்றுக்கொண்டு மாண்டுவாவுக்குப் புறப்பட்ட சில நிமிஷங்களில் தாயார் உள்ளே வருகிறாள். டிபால்டைக் கொன்ற அந்தப் பாவிக்கு மாண்டுவாவிலே விஷம் வைக்க ஆள் அனுப்பப் போகிறேன் என்று மகளுக்கு ஆறுதல் சொல்கிறாள்! பிறகு, வியாழக்கிழமை உனக்குக் கலியாணம் என்கிறாள். ஜூலியட் மறுக்கிறாள். தகப்பனார் வருகிறார். மகள் மண்டியிட்டு, பொறுமையோடு ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவர் கேட்கவில்லை. இவளைப் பெற்றதே சாபம் என்கிறார். சம்மதிக்காவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்துவேன், தெருவிலே பிச்சையெடுத்துச் சாகட்டும் என்கிறார். கை ஓங்காத குறைதான். இடையிலே பேச வந்த செவிலியையும் அதட்டி அடக்குகிறார். அவர் போன பிறகு ஜூலியட் தாயாரைப் பார்த்து, இந்த விவாகத்தை ஒரு மாதம் தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள் என்று மன்றாடுகிறாள்.

ஒரு வாரம்! அவள் கேட்டது அவ்வளவுதான். விவாகமே வேண்டாமென்று கூட அவள் தாயிடம் பிடிவாதம் செய்யவில்லை, தவணை கேட்டாள். அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ நடந்திருக்கலாம். பாதிரியார் பெரியவர்களிடம் பேசியிருக்கலாம். கோமகனின் கோபம் தணிந்திருக்கலாம். மாண்டுவா வெரோனாவிலிருந்து சுமார் 25 மைல்தான். கடிதம் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. ஆனால் அத்தாய், இனி உன்னோடு எனக்குப் பேச்சில்லை, உன் இஷ்டப்படி செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அதன் பிறகு தாயும் மகளும் மனந்திறந்து பேசிய சமயமே இல்லை.

மிஞ்சியவள் செவிலி ஒருத்தி. ‘நீயாவது ஒரு வழி சொல்’ என்று அவளிடம் திரும்புகிறாள் பெண். செவிலி சற்று யோசிக்கிறாள். ரோமியோ இனித் திரும்பி வர முடியாது. பாரிஸ் அவனைவிட அழகன். ஆகவே பாரிஸையே மணந்துகொள் என்கிறாள். முதல் நாள் விவாகத்துக்குத் துணை நின்றவள் மறுநாள் இன்னொரு விவாகத்துக்கு ஆலோசனை சொல்கிறாள்! அவளிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. குழந்தை உயிரோடு, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே அவள் ஆசை. ஆனால் அன்பு இருந்தது, அறம் இல்லை. எஜமானரின் காலில் விழுந்து, ‘குழந்தைக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது, நான்தான் துணை நின்றேன், என்னைத் தண்டியுங்கள்’ என்று அவள் சொல்லியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். தன் பிழைப்புப் போய்விடுமென்ற பயத்தால் சொல்லவில்லை போலும். ஏழை வேலைக்காரியை நாம் மிகவும் நிந்திக்கக் கூடாது. ஆனாலும், அந்தக் க்ஷணத்தில் ஜூலியட் உலகத்தில் தன்னந்தனியளாகிறாள். அழுகையை நிறுத்திக்கொண்டு, நீ நன்றாய் ஆறுதல் சொன்னாய் என்று செவிலியை அனுப்பிவிடுகிறாள். இனி இவளிடம் எதுவும் சொல்வதில்லை என்று மனத்துக்குள் தீர்மானிக்கிறாள். குழந்தைப் பருவம் அந்த இடத்தில் முடிந்துபோகிறது.

பின்னால் நடந்தது யாவரும் அறிந்ததே. பாதிரியார் நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைக் கொடுக்கிறார். ஜூலியட் வீடு திரும்பித் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவருக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. உடனே முகூர்த்தத்தை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளி, நாளைக் காலையிலேயே கலியாணம் என்கிறார். சாவு வீடாயிற்றே, ஐந்தாறு பேரை மட்டும் அழைத்தால் போதும் என்று முந்தின நாள் சொன்னவர், இப்போது தேர்ந்த சமையற்காரர்கள் இருபது பேரை அமர்த்தச் சொல்கிறார். இரவெல்லாம் உறங்காமல் சமையற்கட்டில் நின்று மேற்பார்வை செய்கிறார். பேரீச்சம்பழம் எடு, மசாலா எடு, விறகு கொண்டு வா என்று ஒரே அமர்க்களம். மேலே, தனியறையில் அவர் மகள் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறாள். மருந்து பலிக்காவிட்டால்? அது விஷமாயிருந்தால்? கல்லறையில் நேரம் வருமுன் விழித்துக்கொண்டு, மூதாதையரின் எலும்புகளின் நடுவில் மூச்சு முட்டினால்? செவிலியைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்து, வேண்டாமென்று விட்டுவிடுகிறாள். பதின்மூன்று வயதுப் பெண் அத்தனை பயத்தையும் அறிந்தே குடிக்கிறாள். கீழே இருப்பவர்கள் அவளுக்காகத்தான் கண் விழித்திருக்கிறார்கள். ஆனால் மேலே வந்து எட்டிப்பார்க்க ஒருவருக்கும் அவகாசமில்லை.

விடிந்தபோது கலியாண வீடு சாவு வீடாயிற்று. பாதிரியார் ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் கொள்ளை நோய்க் காவலினால் போய்ச் சேரவில்லை. ரோமியோ அவள் உண்மையாகவே இறந்தாள் என்று நம்பி, விஷம் வாங்கிக்கொண்டு கல்லறைக்கு வருகிறான். குறுக்கே நின்ற பாரிஸைக் கொன்று, தானும் மடிகிறான். விழித்தெழுந்த ஜூலியட் அவனுடைய உடைவாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். மகனை நாடு கடத்திய துக்கத்தில் மாண்டேகுவின் மனைவியும் அந்த இரவிலேயே உயிர் துறந்தாள். பிணங்களின் எதிரில் இரண்டு கிழவர்களும் கை கோக்கிறார்கள். ஜூலியட்டுக்குப் பொன்னால் உருவம் சமைத்து வைப்பேன் என்கிறார் மாண்டேகு. ரோமியோவுக்கும் அவ்வாறே செய்வேன் என்கிறார் காபுலெத். உயிரோடு இருந்தபோது ஒரு வாரத் தவணை கொடுக்க மனமில்லாதவர்கள், இறந்த பிறகு பொற்சிலை கொடுக்கிறார்கள்!

இந்தக் கதை பிற்காலத்தாருக்கும் கொஞ்சம் சங்கடத்தையே கொடுத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய நடிகராகிய காரிக், ஜூலியட்டின் வயதைப் பதினெட்டாக உயர்த்தி நாடகத்தை நடத்தினார். 1936-ல் அமெரிக்காவில் எடுத்த படத்தில் முப்பது வயதைக் கடந்த நார்மா ஷீரர் ஜூலியட்டாகவும், நாற்பதைக் கடந்த லெஸ்லி ஹோவர்ட் ரோமியோவாகவும் நடித்தார்கள். 1968-ல் இத்தாலியரான ஸெபிரெல்லி எடுத்த படத்தில் பதின்பிராயத்தினர் அவ்வேஷங்களில் திரையில் தோன்றினார்கள். அவள் சிறுமி என்பதை மறைத்துவிட்டால், இது வெறும் காதற் கதையாகிவிடுகிறது. பெற்றவர்களின் பொறுப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு என் விடை இதுதான். ஜூலியட் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? மண்டியிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாளே, அந்த ஒரு வார்த்தை எதுவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒருவேளை அந்த உண்மையைத்தான் சொல்ல வந்தாளோ என்னவோ, யார் கண்டார்கள்? அதை அவர் சொல்ல விடவில்லை. குழந்தைகள் நம்மிடம் உண்மையைச் சொல்லவில்லையே என்று குறைப்படுகிறோம். உண்மை சொல்ல வந்த குழந்தையின் முன்னால் நாம் எந்த முகத்தோடு நின்றோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காபுலெத்தாக இருப்பது எளிது. வீட்டில் துக்கமும் குழப்பமும் வந்த செவ்வாய்க்கிழமையன்றும் அதே காபுலெத்தாக இருப்பதுதான் கஷ்டம்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். கேள்வி கேட்ட பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால், அம்மாவாவது ஒரு வாரம் கொடுத்திருக்கலாம், ஸார்” என்றாள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

பெண் குழந்தையை உடைய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒரு நாள் உங்கள் மகள் தவணை கேட்கக்கூடும். படிப்பை முடிக்க ஒரு வருஷம் கேட்கலாம். யோசித்துச் சொல்ல ஒரு மாதம் கேட்கலாம். காரணம் சொல்லாமலே கேட்கலாம். அன்று கோபம் வந்தால், தயவு செய்து, காபுலெத் தம்பதிகளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். தவணையைக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம்.